பங்கு போட்ட கார்

தொம்மை மச்சாது வீட்டுக்கு யார் போனாலும் காரில்தான் உட்கார வேண்டும். எங்கேயும் போவதற்கு அல்ல, வெறுமனே உட்காருவதற்கு. ஹாலில் சோபா கிடக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கார் நின்றது. இரண்டே சீட்டு. காப்பியை ஜன்னல் வழியாகத்தான் கொடுப்பார்கள். கதவை முழுக்கத் திறந்தால் அலமாரியில் இடிக்கும் என்பதால் விருந்தாளி ஒருமுறை உள்ளே போய்விட்டால் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் வெளியே வருவார். எனக்கு எதிர்வீடு. பதினைந்து வருடமாக இந்தக் கூத்தைப் பார்த்தவன் என்ற முறையில் நானே இதைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் மற்றவர்கள் சொன்னால் அவரவர் பங்கைப் பெரிதாக்கித்தான் சொல்வார்கள்.

என் பெயர் சொரிமுத்து. ஏரல் பக்கத்து வயல்காட்டுக்காரன். தூத்துக்குடியில் சரக்குகளுக்குக் காகிதம் போடும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கிளார்க். கடல்காரர்கள் நடுவில் வாடகைக்கு வந்து, புத்திகெட்டு அங்கேயே வீட்டையும் வாங்கியவன்.

தொம்மை அண்ணாச்சி இருபது வருடம் சிங்கப்பூரில் டக் ஓட்டினார். பெரிய கப்பலை வடம் கட்டித் துறைக்குள் இழுத்துவருகிற குட்டிக் கப்பலுக்குத்தான் டக் என்று பெயர். அதன் வேகம் நிறைமாதக்காரி நடக்கிற வேகம். அவசரப்பட்டால் வடம் அறுந்துவிடும். இருபது வருடம் அப்படி ஊர்ந்த மனுஷனுக்கு வேகத்தின் மேல் ஒரு வெறி வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வெறிக்கு அவர் ஒரு நல்ல பைக் வாங்கியிருக்கலாம் என்பதுதான் என் கட்சி.

அவர் வாங்கியது ஜப்பானில் செய்த வேகக் கார். சிங்கப்பூரில் ஒரு பணக்காரப் பையன் இரண்டு வருடம் ஓட்டி அலுத்து விற்றது. வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பியபோது அதையும் கூடவே கொண்டுவந்தார். மணிக்கு இருநூற்று எழுபது கிலோமீட்டர் வரை மீட்டரில் எண் போட்டிருக்கும். எங்கள் தெருவின் நீளம் இருநூறு மீட்டர். கப்பல் வந்து நிற்கிற ஊர்க்காரனின் கார், பழைய வண்டி என்பதால் சட்டப்படி மும்பையில்தான் இறங்க வேண்டியிருந்தது. அங்கிருந்து டிரெய்லர் லாரி. காரைத் தனியே விட மனசில்லாமல் அண்ணாச்சியும் லாரி டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். லாரி நடுவழியில் படுத்துவிட்டது. இறங்கி ரயில் பிடித்து வந்திருக்கலாம். வரவில்லை, காருக்குக் காவலாகப் படுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மகள் ஸ்டெபிக்குப் புதுநன்மை. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி என்று பிள்ளை முதன்முதலாகக் கோயிலில் நற்கருணை வாங்குகிற நாள். அப்பா வருவார் வருவார் என்று வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு அம்மாவோடு போனது. ஞானஸ்நானத்துக்கும் அவர் இல்லை, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் இல்லை. அதற்கெல்லாம் கடல் காரணம், புதுநன்மைக்குக் கார் காரணம். அண்ணாச்சியின் மனைவி விக்டோரியாக்கா கடலை மன்னித்துவிட்டார், காரை மன்னிக்கவில்லை. வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவர் அதில் உட்கார்ந்ததில்லை.

லாரி வந்து நின்ற சாயங்காலம் தெருவே கூடி நின்றது. அண்ணாச்சி மகளைத் தூக்கி பானெட்டின் மேல் உட்கார வைத்தார்.

“ஏளா, உன் கல்யாணத்துக்கு இதுல நானே ஓட்டி உன்னைக் கோயிலுக்குக் கொண்டுபோவேன். சத்தியமாச் சொல்லுதேன்.”

பிள்ளை தலையை ஆட்டியது. அக்கா உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அண்ணாச்சி மூச்சு விட்டது, சோறு தின்றது எல்லாமே அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் என்று எனக்குத் தோன்றும்.

காப்பாற்றுவது லேசாக இல்லை. காருக்கும் தரைக்கும் நாலு விரல் இடைவெளி. எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை, ஆட்டோவே அழுதுகொண்டு ஏறும். தெருக்காரர்கள் படகைக் கரையேற்றுகிறவர்கள் என்பதால் உடனே வழி கண்டுபிடித்தார்கள். முன்னால் இரண்டு பலகை, பின்னால் இரண்டு பலகை, நாலு பேர் தோள் கொடுக்க, ஒருவர் ஏலேலோ போட, இருநூற்று எழுபது கிலோமீட்டர் வேகக் கார் வேகத்தடையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும். கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் அதே பலகை, அதே ஏலேலோ. இப்படி நாலைந்து மாதம் கிளச்சை மிதித்து மிதித்து ஓட்டியதில் கிளச்சு கருகிப்போனது.

அண்ணாச்சி சென்னையில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். வண்டி நம்பரை எல்லாம் வாங்கிக்கொண்ட பெண் வெகுநேரம் கழித்து, “சார், இப்படி ஒரு மாடலே எங்க சிஸ்டத்துல இல்லை” என்றாள்.

“அப்ப நான் எதுலம்மா உக்காந்து பேசுதேன்?” என்று கேட்டார் அண்ணாச்சி. அவர் உண்மையிலேயே காருக்குள் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் அமலன் என்று ஒரு தண்டல் உண்டு. தண்டல் என்றால் சரக்குத் தோணியின் கேப்டன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போகிறவர். கொழும்பில் ஜப்பான் கார்கள் மலிந்து கிடக்கும், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைகள் வரிசையாக இருக்கும். “ஒரு கிளச்சுப் பிளேட்டுதானே அண்ணாச்சி, நான் பாத்து எடுத்துட்டு வாரேன்” என்றார் அமலன். அதற்கு அண்ணாச்சி சந்தோஷம் தாங்காமல் ஒரு வார்த்தை சொன்னார். இன்றைக்கு வரைக்கும் நினைத்தால் எனக்கு வயிறு எரியும். “கொண்டுவாலே. இந்த வண்டில உனக்கு ஒரு பங்கு உண்டும்லா.”

எங்கள் ஊரில் இப்படிச் சொன்னால், போகிறபோது ஒரு வாழைத்தார் வெட்டிக்கொண்டு போ என்பதோடு முடிந்துவிடும். கடற்கரையில் அப்படி இல்லை. படகு ஒருவருடையது, எஞ்சின் இன்னொருவருடையது, வலை மூன்றாமவருடையது என்றால், பிடிக்கிற மீனில் படகுக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. யாருடைய பொருள் படகில் ஏறுகிறதோ அவருக்குப் படகின் மேல் பாத்தியதை உண்டு, பேச்சு உண்டு. பங்கு என்று வாயால் சொல்லிவிட்டால் அது முடிந்த கதை. அண்ணாச்சியும் கடற்கரையில் பிறந்தவர்தான். இருபது வருடம் சிங்கப்பூரில் இருந்ததில் அது மறந்து, மரியாதைக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டார். கேட்டவர்கள் கடற்கரையை விட்டு எங்கேயும் போகாதவர்கள்.

அமலன் கிளச்சோடு வந்தார். மறு ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவி மக்களோடு வந்து, தன் பங்குக்காக ஆளுக்குக் கொஞ்ச நேரம் காரில் உட்கார்ந்துவிட்டுப் போனார். அண்ணாச்சிக்கு அப்போதும் உறைக்கவில்லை. உப்புக் காற்று காரைத் தின்ன ஆரம்பித்தது. முதலில் பானெட், பிறகு இரண்டு கதவும். எல்லாவற்றையும் கொழும்பிலிருந்து அமலன் கொண்டுவந்தார். அதற்கெல்லாம் ஓசியில் காகிதம் போட்டது நான். ‘சரக்கு: கதவு, இரண்டு’ என்று எழுதிக்கொடுத்தேன். தேக்கா பிளைவுட்டா என்று அதிகாரி கேட்டார். கார்க்கதவு என்று அவருக்கு விளங்கவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கதவு இரண்டும் மாற்றிய பிறகு அண்ணாச்சி ஒரு முடிவெடுத்தார். கார் வெளியே நின்றால் எலும்புதான் மிஞ்சும் என்று வீட்டின் முன்சுவரை இடித்து, காரை ஹாலுக்குள் விட்டு, சுவரை மறுபடியும் எழுப்பிவிட்டார். ஆட்கள் புழங்க ஒரு சின்ன வாசல் மட்டும் மிச்சம் வைத்தார். சோபா மாடிக்குப் போனது. டிவி பானெட்டின் மேல் ஏறியது. அக்கா அன்றிலிருந்து குசினியில், அதாவது அடுப்படியில், ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தவர்தான், கடைசிவரை அங்கேயே உட்கார்ந்தார்.

மெக்கானிக் என்று வந்து சேர்ந்தவர் தருவைகுளம் வெள்ளத்துரை. விசைப்படகு எஞ்சின் பார்க்கிறவர், கார் பார்த்தவர் இல்லை. தரைத்தகடு துருப்பிடித்தபோது படகுத் தகட்டை வைத்து ஒட்ட வைத்தார். எஞ்சின் பெல்ட் அறுந்து, அதே அளவில் பெல்ட் எங்கேயும் கிடைக்காதபோது, கிடைத்த பெல்ட்டுக்குத் தகுந்தபடி லேத்தில் கொடுத்துப் புல்லியையே மாற்றிவிட்டார். கிடைத்த பெல்ட் எது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அவர் கைவைத்த பிறகு ஹாலுக்குள்ளேயே எஞ்சின் சில நாள் ஓடியது, பல நாள் ஓடவில்லை. ஓடாததற்கு அவர் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான். “கடல்ல இறக்கினா இது சரியாயிரும் அண்ணாச்சி. தரையிலதான் இதுக்கு மூச்சு முட்டுது.”

ஹாரன் ஒருநாள் ஊமையானது. என் பழைய பைக்கின் ஹாரனைக் கழற்றிக் கொடுத்தேன். வெள்ளத்துரையிடமும், டயர், கண்ணாடி என்று கொண்டுவந்து கொடுத்தவர்களிடமும் சொன்னதையே அண்ணாச்சி பழக்கதோஷத்தில் என்னிடமும் சொன்னார். “சொரிமுத்து, உனக்கும் ஒரு பங்கு.”

இப்படியே வருடங்கள் ஓடின, கார் ஓடவில்லை. ஸ்டெபி படித்து முடித்து வேலைக்குப் போனாள். கீழவைப்பார் பையன் ஒருவனோடு கல்யாணம் பேசி முடித்தார்கள். அவனுக்கு நியூசிலாந்தில் வேலை. கல்யாணமான அடுத்த மாதமே கூட்டிக்கொண்டு போகிறான் என்று முடிவானது. அன்றைக்கு அண்ணாச்சி காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

“நான் வந்து சேந்தப்ப அவளுக்குப் பத்து வயசு. இப்பம் அவ போறா,” என்றார். “நடுவுல எனக்குக் கெடைச்சது என்ன சொரிமுத்து? அவ டியூசன், அவ காலேஜி, அவ வேலை. ஒரே ஒரு நாள் அவளை நான் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டுட்டேன்னா போதும்.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “முதல்ல இது ஸ்டார்ட் ஆவட்டும்” என்று எரிந்து விழுந்துவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகிவிட்டது. சுவரை மறுபடி இடித்தார்கள். வெள்ளத்துரை சாவியைத் திருகியதும் எஞ்சின் போட்ட உறுமலில் எங்கள் வீட்டுக் குக்கர் மூடி கீழே விழுந்தது. தெரு முழுக்க வந்து பார்த்தது. பார்த்த எல்லோர் முகத்திலும் ஒரே நினைப்பு ஓடியது எனக்குத் தெரிந்தது. ஓடாத காரில் பங்கு இருந்து என்ன பிரயோஜனம் என்று இத்தனை வருடம் சும்மா இருந்தவர்கள். இப்போது கார் ஓடுகிறது.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், காரை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்த பந்தலில், அமலன்தான் பேச்சை எடுத்தார்.

“நாளைக்கு வண்டியை நான் ஓட்டுதேன் அண்ணாச்சி. தண்டல் நான் இருக்கையில நீங்க எதுக்கு?”

“எஞ்சின்ல கை வச்சவன் நான்,” என்றார் வெள்ளத்துரை. “நான் இல்லாம அது ஒரு அடி நகராது.”

இன்னும் இரண்டு மூன்று பேர் தொண்டையைக் கனைத்தார்கள். ஒருவர் டயர் கொண்டுவந்தவர், ஒருவர் கண்ணாடி. காரில் இருப்பதோ இரண்டு சீட்டு, அதில் ஒன்று மணப்பெண்ணுக்கு. அண்ணாச்சி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏங்க, கார் அவருது. ஆர்.சி. புக்கு அவர் பேர்ல இருக்கு. மக அவர் மக. இதுல உங்களுக்கு என்ன பேச்சு?”

அமலன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “வயக்காட்டு ஞாயம் இங்கன செல்லாது சொரிமுத்து. பங்குன்னு அவர் வாயால சொல்லியிருக்காரு. கரை ஞாயப்படி எண்ணுவோம். யாருக்குப் பங்கு அதிகமோ அவரு சம்மாட்டி. சம்மாட்டி சொல்ற ஆளுதான் ஓட்டணும்.”

சம்மாட்டி என்றால் படகின் சொந்தக்காரர். அண்ணாச்சி மறுத்திருக்கலாம். ஆனால் அவரும் கடற்கரைக்காரர்தான். சொன்ன வார்த்தை அவர் சொன்ன வார்த்தை. தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பந்தலில் கலர் பாட்டில் பெட்டி இருந்தது. அதிலிருந்து மூடிகளைப் பொறுக்கி, ஒரு பொருளுக்கு ஒரு மூடி என்று அவரவர் முன்னால் வைப்பதாக ஏற்பாடு. வெள்ளத்துரை காரின் மூக்கில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்.

“பானெட்டு.”

“நான்,” என்றார் அமலன்.

“ரெண்டு கதவு, கிளச்சு, கியர்க்கம்பி.”

“எல்லாம் நான்தான்.” அமலன் முன்னால் ஐந்து மூடி சேர்ந்தது. தரைத்தகடு, எண்ணெய்த்தொட்டி, புல்லி என்று தனக்குத்தானே மூன்றை வைத்துக்கொண்டார் வெள்ளத்துரை. டயர்க்காரருக்கு ஒன்று, கண்ணாடிக்காரருக்கு ஒன்று. ஹாரன் என்றதும், கடவுள் என்னை மன்னிக்கட்டும், என் கையும் தானாக உயர்ந்தது. எனக்கும் ஒரு மூடி.

“நம்பர் பிளேட்டு எனக்குத்தானலே?” என்று மெல்லக் கேட்டார் தொம்மை அண்ணாச்சி.

அமலன் கொஞ்சம் யோசித்தார். “நம்பரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் குடுத்ததுல்லா அண்ணாச்சி.”

அண்ணாச்சியின் முன்னால் ஒரு மூடிகூட இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த காரில் சிங்கப்பூரிலிருந்து வந்தது என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

“பெல்ட்டு,” என்றார் வெள்ளத்துரை. “பெல்ட்டு யாரு?”

கையில் மருதாணியோடு ஓரமாக உட்கார்ந்திருந்த ஸ்டெபி சொன்னாள். “அது அம்மா கிரைண்டர் பெல்ட்டு.”

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. விக்டோரியாக்கா ஈரக்கையோடு வெளியே வந்தார்.

“என்ன பெல்ட்டு?”

“கிரைண்டர் பெல்ட்டுக்கா,” என்றார் வெள்ளத்துரை, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு.

“எலி கடிச்சிட்டுன்னு இவரு சொன்னாரு. நாலு மாசம் கையால ஆட்டினேன்.”

அமலன் ஒரு மூடியை எடுத்து அக்காவின் பக்கம் வைத்தார். வெள்ளத்துரை தொடர்ந்தார். ஒரு குழாயின் இணைப்பில் ரப்பர் வளையம்.

“அது என் குக்கர் கேஸ்கட்டு,” என்றார் அக்கா. திறந்திருந்த பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார். “காத்து போற பெட்டிக்குள்ள இருக்கது என் கொசுவலை. இது யாரு வயரு? என் அயர்ன்பாக்ஸ் வயரு. அந்த ஸ்பிரிங்கு என் தையல் மெஷின்ல உள்ளது. ரெண்டு நாளா வீடெல்லாம் தேடுதேன், ஜாக்கெட் தைக்க முடியல.” டிக்கியை அவரே திறந்தார். “இன்வெர்ட்டர் பேட்டரி.”

போன திங்கட்கிழமை கரண்டு போனபோது கல்யாண வீட்டில் இருட்டில் உட்கார்ந்திருந்ததன் காரணம் அங்கே கிடந்தது.

“சீட்டுக்குள்ள என்ன?” என்று கேட்டார் அக்கா.

“மெத்தைப் பஞ்சுக்கா.”

“யாரு மெத்தை?”

வெள்ளத்துரை அண்ணாச்சியைப் பார்த்தார். அக்கா ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அமலன் ஒவ்வொரு மூடியாக வைத்துக்கொண்டே வந்தார். ஒரு குடும்பச் சண்டையைப் பஞ்சாயத்தே பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால் அக்காவின் பக்கம் குவிந்துகிடந்தது.

“எல்லாரையும்விட அதிகம் அக்காவுக்குத்தான்,” என்றார் அமலன். அந்த மனுஷனைப் பற்றி நான் என்ன சொன்னாலும், நியாயத்தில் பிசகாதவர். “அக்காதான் சம்மாட்டி. சொல்லுங்கக்கா, யார் ஓட்டணும்?”

அக்கா தன் புருஷனைப் பார்த்தார். பதினைந்து வருடமாக வாய்க்குள் வைத்திருந்தது எல்லாம் இப்போது வெளியே வரப்போகிறது என்று நான் பயந்தேன். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞானஸ்நானத்துக்கு நான் தூக்கிட்டுப் போனேன்,” என்றார் அக்கா. “பள்ளிக்கூடத்துல நான் கொண்டு சேத்தேன். காய்ச்சல்ல கெடந்தப்ப ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிட்டு ஓடினேன். புதுநன்மைக்கு நானும் அவளும் நடந்தே போனோம், அவ அழுதுகிட்டே வந்தா. எல்லா முறையும் என் முறைதான்.” ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு ஒரு முறை இவரு கொண்டுபோட்டும். ஆனா போன வண்டி திரும்பி என் ஹாலுக்குள்ள வரக்கூடாது. என் பெல்ட்டு எனக்கு வேணும்.”

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அண்ணாச்சி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பங்குக்காரர்கள் சத்தமில்லாமல் மூடிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார்கள்.

காலையில் அண்ணாச்சி கோட்டுப் போட்டிருந்தார். ஸ்டெபி வெள்ளைப் பட்டும் முக்காடுமாக, இடிந்த சுவர் வழியாக வந்து காரில் ஏறினாள். முக்காட்டை உள்ளே சுருட்டி வைக்கவே நாலு பேர் வேண்டியிருந்தது. வேகத்தடையில் பலகை வைத்து ஏலேலோ போட்டு இறக்கினோம். அதற்கப்புறம் கோயிலுக்கு ஒரே ஒரு வளைவு, ஒரே ஒரு தெரு. அக்கா பின்னால் ஆட்டோவில். பங்குக்காரர்கள் எல்லோரும் பைக்கில். நான் என் பைக்கில், ஹாரன் இல்லாமல்.

வளைவு திரும்பியதும் கார் ஒரு உறுமல் உறுமிப் பாதித் தெருவைக் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டியது. உடனே நின்றுவிட்டது. எதிரே கோயில் கோபுரம் தெரிந்தது, வாசலில் மாப்பிள்ளை வீட்டார் நிற்பதும் தெரிந்தது. வெள்ளத்துரை பைக்கைப் போட்டுவிட்டு ஓடி பானெட்டைத் திறந்தார். கெட்டுப்போக உள்ளே எத்தனையோ இருந்ததால், ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஜன்னலருகே குனிந்தேன். அண்ணாச்சியின் கை சாவியின் மேல் இருந்தது. சாவி அணைக்கிற பக்கமாகத் திரும்பியிருந்தது. கார் தானாக நிற்கவில்லை, அவர்தான் நிறுத்தியிருக்கிறார்.

“ஏன்பா நிறுத்திட்டீங்க? கோயில் அந்தா தெரியுதே,” என்று கேட்டாள் ஸ்டெபி.

“ஏளா, இதுக்கு மெதுவாப் போவத் தெரியல,” என்றார் அண்ணாச்சி. “காலை வச்சா போயிருது. இப்பம்தான் ஏறின, அதுக்குள்ள வந்துட்டு.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையை வெளியே இழுத்துக்கொண்டு, “வண்டி ரிப்பேரு, தள்ளணும்” என்று கத்தினேன். வாழ்க்கையில் நான் மனசறிந்து சொன்ன பொய்களில் அதற்காக மட்டும் நான் வருத்தப்பட்டதில்லை.

பங்குக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் கூடினார்கள். ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கி வந்தார். நேராக ஜன்னலுக்குப் போய்க் குனிந்து பார்த்தார். சாவியைப் பார்த்தார், அதன் மேல் இருந்த கையைப் பார்த்தார், மகள் முகத்தைப் பார்த்தார். காருக்குப் பின்னால் வந்து, பட்டுச்சேலையின் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, அமலனுக்கும் வெள்ளத்துரைக்கும் நடுவில் தோள் கொடுத்து நின்றார்.

அண்ணாச்சி ஹாரனை அடித்தார். என் பங்கு நன்றாகவே வேலை செய்தது. அமலன் ஏலேலோ போட வாயெடுத்து, ஒரே தள்ளாகத் தள்ளக் காலை ஊன்றினார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“மெதுவாத் தள்ளுங்கலே,” என்றார். “பூசைக்கு இன்னும் நேரம் கெடக்கு.”